ஒரு லட்சம் டாலர், ஐந்து திட்டங்கள்: ஒன்பதாம் வகுப்புப் பையன்களோடு யார் நிற்பது?

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பொதுப் பள்ளி. அதன் ஸ்கூல் சைட் கவுன்சிலில் நானும் ஓர் உறுப்பினர். முதல்வர், சில ஆசிரியர்கள், பெற்றோர், இரண்டு மாணவர்கள் கொண்ட குழு அது. அடுத்த கல்வியாண்டுக்கு ஒரு லட்சம் டாலர் ஒதுக்கியிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் சேரும் கறுப்பினப் பையன்கள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியே போகும்வரை அவர்களோடு நிற்கும் ஒரு வழிகாட்டித் திட்டத்துக்கான பணம் அது. மேசைமேல் ஐந்து யோசனைகள் இருக்கின்றன. இந்தப் பணத்தில் ஒன்றை உருப்படியாகச் செய்யலாம், மிஞ்சினால் ஒன்றரை.

இங்கே பொதுப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் இதுபோன்ற குழுக்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் பலர் அலுவலகம் வழியாக ‘மென்டார்’ என்று பெயர் கொடுத்துவிட்டுப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். மூன்று வாரமாக நான் படித்ததையும் அதிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவையும் அவர்களுக்காக எழுதிவைக்கிறேன். ஒரு நல்ல மனிதரைக் கொண்டுவந்து பையனுக்கு முன்னால் உட்காரவைத்தால் போதும் என்றுதான் நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் ஒரு பையனுக்கு நேர்ந்ததையும் கீழே சொல்கிறேன்.

முதலில் நிலவரம். 2021–22இல் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் நான்கு ஆண்டுகளுக்குள் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் நூற்றுக்கு 87 பேர். வெள்ளை மாணவர்களில் 90, கறுப்பின மாணவர்களில் 81. கறுப்பின ஆண்களை மட்டும் எடுத்துப் பார்த்த ஓர் அறிக்கையை ஷாட் அறக்கட்டளை 2010இல் வெளியிட்டது. அதில் 2007–08ஆம் ஆண்டுக்கான எண் 47. கணக்கிடும் முறைகள் வேறு என்பதால் இரண்டையும் அருகருகே வைத்துக் கழிக்கக் கூடாது. ஆனாலும் இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளிகள் மெய்யாகவே முன்னேறியிருக்கின்றன. ‘இந்தப் பையன்களை ஒன்றும் செய்ய முடியாது’ என்று கூட்டங்களில் யாராவது முணுமுணுத்தால் நான் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான்.

தண்டனைக் கணக்கும் உண்டு. 2013–14இல் பொதுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் 15.5 சதவீதம். சஸ்பெண்ட் செய்யப்பட்டவர்களிலோ 39 சதவீதம். மத்திய அரசின் தணிக்கை அலுவலகமே 2018இல் சொன்ன கணக்கு இது. ஒரு பையன் மூன்று நாள் சஸ்பெண்ட் ஆனால் அல்ஜீப்ராவில் மூன்று பாடங்கள் போகும். நான்காம் நாள் வந்து உட்காரும்போது கரும்பலகையில் இருப்பது அவனுக்குப் புரியாது. பாடம் புரியாதவன் வகுப்பில் சும்மா இருப்பதில்லை, மறுபடியும் சஸ்பெண்ட் ஆகிறான்.

எந்தத் திட்டத்தையும் எதை வைத்து அளப்பது என்பதற்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு ஒரு நல்ல அளவுகோலைத் தந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முடிவில் மாணவன் ஐந்து முழுக் கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். முக்கியப் பாடங்களில் ஒரு பருவத்துக்குமேல் ‘எஃப்’, அதாவது தோல்வி மதிப்பெண், வாங்கியிருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருப்பவன் நான்கு ஆண்டில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு, இல்லாதவனைவிட மூன்றரை மடங்கு அதிகம். வீட்டு வருமானத்தையும் எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணையும்விட இதுவே நன்றாக முன்கூட்டிச் சொல்கிறது. அதனால் ஐந்து திட்டங்களிடமும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவிலும் ‘எஃப்’களிலும் நீ எதை மாற்றுகிறாய்?

மதிய உணவு நேரத்து அண்ணன்

முதல் யோசனைதான் எல்லோருக்கும் பிடித்தது. அலுவலகங்களிலிருந்தும் தேவாலயங்களிலிருந்தும் தன்னார்வலர்களைச் சேர்ப்பது, ஆளுக்கொரு பையன், வாரம் ஒரு மணி நேரம், மதிய உணவு இடைவேளையில். 1904 முதல் வேரூன்றிய பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்புதான் இதற்கு முன்மாதிரி. பெயரிலேயே அண்ணனும் அக்காவும் இருப்பதால் நமக்கு உடனே மனசு ஒட்டிக்கொள்கிறது.

இந்த அமைப்பைப் பற்றி 1995இல் வந்த ஆய்வைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 10 முதல் 16 வயதுவரை 959 பிள்ளைகள். குலுக்கலில் தேர்ந்து சிலருக்கு உடனே அண்ணன் அக்காவைக் கொடுத்தார்கள், மற்றவர்களைக் காத்திருக்கவைத்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, துணை கிடைத்தவர்கள் போதைப்பொருளைத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதம் குறைவு. முழுநாள் பள்ளிக்கு மட்டம் போடும் வாய்ப்பு 52 சதவீதம் குறைவு. நல்ல எண்கள்தான். ஆனால் அந்த அண்ணன்கள் சந்தித்தது பள்ளிக்கு வெளியே, மாதம் ஏறக்குறைய மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு மணி நேரம். எங்கள் மேசையில் இருக்கும் திட்டம் அதுவல்ல. சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட்டு முடிக்கும்போது மணி அடித்துவிடும் திட்டம் இது.

பள்ளிக்குள்ளேயே நடக்கும் இந்த வடிவத்தை அதே அமைப்பில் தனியாக ஆராய்ந்தார்கள். 2007இல் முடிவு வந்தது. 1,139 மாணவர்களில், முதல் ஆண்டு முடிவில் பாடங்களில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. அடுத்த ஆண்டு துணை தொடராதவர்களிடம் அது கரைந்துபோனது. 2009இல் மத்தியக் கல்வித் துறை தான் பணம் கொடுத்த 32 பள்ளி வழிகாட்டித் திட்டங்களை 2,573 மாணவர்களை வைத்துச் சோதித்தது. ஒட்டுமொத்தமாக ஒரு பலனும் தெரியவில்லை. அந்த மானியமே பிறகு நின்றுபோனது.

என்னை உலுக்கியது இன்னொரு ஆய்வு. ஜீன் கிராஸ்மேன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவரும் அந்த 1995ஆம் ஆண்டுத் தரவையே எடுத்து, உறவு எவ்வளவு நாள் நீடித்தது என்பதை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குமேல் நீடித்த இடத்தில்தான் பலன்கள் குவிந்திருந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்த இடங்களில், துணையே கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்களின் தன்மதிப்பு கீழே போயிருந்தது.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் நான் அப்படி ஒரு மதிய உணவு அண்ணனாக இருந்தேன். பள்ளி வேறு, ஊரும் வேறு. பையனுக்குப் பதினாலு வயது. எந்த எண் பேருந்து எந்தத் தெருவில் திரும்பும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். காகிதத்தில் அவனாகவே புதுத் தடங்கள் வரைந்து கொண்டுவருவான். செவ்வாய்க்கிழமைதோறும் போனேன். பிப்ரவரியில் என் அலுவலகத்தில் வேலை மாறியது. இரண்டு வாரம் போக முடியவில்லை, பிறகு ஒரு மாதம். பிறகு கூச்சத்தினாலேயே போகவில்லை. நான்கு செவ்வாய்க்கிழமை அவன் வந்து என்னைப் பற்றிக் கேட்டானாம். அந்தப் பள்ளியின் அலுவலக அம்மாள் பின்னால் ஒருநாள் சொன்னார். அந்த ஆய்வைப் படித்த இரவு, அவன் வரைந்த தடங்களில் ஒன்று இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது.

தன்னார்வலர் என்பதால் செலவில்லை என்ற எண்ணமும் தவறு. ஆள் தேடுவது, பின்னணிச் சோதனை, பயிற்சி, மேற்பார்வை என்று பார்த்தால், 2007 ஆய்வின்படி ஒரு மாணவனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 டாலர் ஆனது.

முஷ்டிக்குள் பந்து

இரண்டாவது, சிகாகோவில் பிறந்த ‘பிகமிங் எ மேன்’. ‘பேம்’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். யூத் கைடன்ஸ் என்ற அமைப்பு நடத்துகிறது. 2001இல் அன்தனி ராமிரஸ்–டி விட்டோரியோ என்ற கவுன்சிலர் தொடங்கிவைத்தது. இதில் வழிகாட்டி தன்னார்வலர் இல்லை. சம்பளத்துக்கு இருக்கும் முழுநேரக் கவுன்சிலர், நாள் முழுக்கப் பள்ளியிலேயே இருப்பவர். வாரத்தில் ஒரு பீரியட், பத்துப் பன்னிரண்டு பையன்கள் வட்டமாக உட்கார்கிறார்கள்.

முதல் நாட்களில் ஒரு விளையாட்டு. இருவர் இருவராகப் பிரித்து ஒருவன் கையில் ஒரு பந்தைக் கொடுக்கிறார்கள். மற்றவனிடம் சொல்வது: முப்பது விநாடி, அவன் கையிலிருந்து பந்தை வாங்கு. விரலைப் பிரிக்கிறார்கள், கையை முறுக்குகிறார்கள், தரையில் புரள்கிறார்கள். ஏறக்குறைய யாருக்குமே பந்து கிடைப்பதில்லை. முடிந்தபிறகு கவுன்சிலர் கேட்பார்: ‘கொடுக்கிறாயா என்று யாராவது கேட்டீர்களா?’ ‘கேட்டால் என்னைக் கோழை என்று நினைத்திருப்பான்’ என்பது போன்ற பதில்கள் வரும். பந்து வைத்திருந்தவனிடம் கேட்டால், ‘கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே’ என்பான்.

இதை வெறும் நீதி போதனை என்று தள்ளிவிடக் கூடாது. தெருவில் ஒருவன் செல்போனைக் கேட்டால் முறைத்து நிற்பதுதான் அந்தப் பையனுக்குப் பாதுகாப்பு. பணிந்துபோனால் நாளை இன்னொருவன் வருவான். அதே அனிச்சை வகுப்பில் ஆசிரியர் ‘உட்கார்’ என்று சொல்லும்போதும் கிளம்பினால் சஸ்பென்ஷன். எப்போதும் அடங்கிப்போ என்று பேம் சொல்வதில்லை. ஒரு நொடி நின்று, இப்போது எந்த இடத்தில் இருக்கிறேன் என்று பார்க்கப் பழக்குகிறது. அந்தப் பையனின் தெருவை மதிக்கும் திட்டம் என்பதால் எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை.

எண்களும் வலுவானவை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் குற்றவியல் ஆய்வகம் இரண்டு முறை குலுக்கல் முறையில் சோதித்தது. முதலில் 2009–10இல் 2,740 பையன்கள், பிறகு 2013 முதல் 2015வரை இன்னொரு பெரிய தொகுதி. திட்டம் நடந்த காலத்தில் பங்கேற்றவர்களின் மொத்தக் கைதுகள் 28 முதல் 35 சதவீதம் குறைந்தன. வன்முறைக் குற்றத்துக்கான கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. முதல் தொகுதியைப் பின்தொடர்ந்து பார்த்ததில், பள்ளியை முடித்தவர்கள் 12 முதல் 19 சதவீதம் அதிகம். முதல் தொகுதிக்கு 27 அமர்வுகள் வைத்திருந்தார்கள். பையன்கள் சராசரியாக வந்தது 13தான். அதற்கே இந்தப் பலன். தலைக்குச் செலவு 1,100 முதல் 2,000 டாலருக்குள்.

2013 பிப்ரவரியில் ஜனாதிபதி ஒபாமா ஹைட் பார்க் அகாடமியில் இந்தப் பையன்களோடு வட்டத்தில் உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு அவர் சிறுபான்மையினப் பையன்களுக்கான ‘மை பிரதர்ஸ் கீப்பர்’ முயற்சியை அறிவித்தபோது, பேம் பையன்கள் வெள்ளை மாளிகையில் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கைதுகளில் வந்த குறைவு, திட்டம் நின்றபின் நீடிக்கவில்லை. பந்து விளையாட்டை நாமே நடத்திக்கொள்ளலாம் என்று தனியொரு பள்ளி இறங்கினால், கிடைப்பது பேம் ஆகாது. அதன் உயிர் கவுன்சிலரிடம் இருக்கிறது. பையன்களுக்கு முன்னால் தன் தோல்விகளைச் சொல்லத் துணிகிற, பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். எங்கள் ஊருக்கு அந்த அமைப்பை அழைத்துவர ஒரு பள்ளியின் பணம் போதாது, மாவட்டமே முன்வர வேண்டும்.

ஓக்லண்டின் வகுப்பறை

மூன்றாவது எங்களுக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2010இல் ஓக்லண்ட் பள்ளி மாவட்டம், கறுப்பின ஆண் மாணவர்களுக்கென்றே ஒரு துறையைத் தொடங்கியது. நாட்டில் எந்தப் பள்ளி மாவட்டமும் அதற்குமுன் அப்படிச் செய்ததில்லை. பொறுப்பேற்றவர் கிறிஸ்டஃபர் சாட்மன். அவர்கள் கொண்டுவந்த ‘மேன்ஹுட் டெவலப்மென்ட்’ திட்டம் பள்ளிக்குப் பிந்திய கிளப் அல்ல, மதிய உணவும் அல்ல. அட்டவணையில் இடம்பெறும் வகுப்பு, கிரெடிட் உள்ள பாடம். கற்பிப்பவர்கள் கறுப்பின ஆண்கள். ஆப்பிரிக்க வரலாறு, அமெரிக்காவில் தங்கள் மக்களின் வரலாறு, வாசிப்பு, எழுத்து, ஆண்மை என்றால் என்ன என்ற பேச்சு, கல்லூரிக்கான ஆயத்தம் எல்லாம் உண்டு. ஆசிரியரைப் பையன்கள் ‘பிரதர்’ என்று சேர்த்து அழைக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆட்களைச் சேர்த்த முறை. கெட்ட பெயர் வாங்கிய பையன்களை மட்டும் ஒரே அறையில் தள்ளவில்லை. நன்றாகப் படிப்பவன், நடுவில் இருப்பவன், தடுமாறுகிறவன் என்று கலந்தே உட்கார்ந்தார்கள். பழுது பார்க்கும் பட்டறை என்று அந்த அறைக்குப் பெயர் வந்திருந்தால், ஒரு பையனும் தலைநிமிர்ந்து அதற்குள் போயிருக்க மாட்டான்.

ஸ்டான்ஃபர்டைச் சேர்ந்த தாமஸ் டீயும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எமிலி பென்னரும் 2019இல் இதன் பலனை வெளியிட்டார்கள். திட்டம் வெவ்வேறு பள்ளிகளுக்கு வெவ்வேறு ஆண்டுகளில் போனதால், வந்த பள்ளியையும் வராத பள்ளியையும் ஒப்பிட முடிந்தது. திட்டம் இருந்த இடங்களில் படிப்பைப் பாதியில் விட்ட கறுப்பின ஆண் மாணவர்களின் எண்ணிக்கை 43 சதவீதம் குறைந்திருந்தது. வகுப்பில் உட்காராத கறுப்பின மாணவிகளிடமும் கொஞ்சம் குறைந்திருந்தது. ஒரு பையன் வகுப்பில் நிலைத்தால் அவன் தோழியும் தங்கையும் நிலைக்கிறார்கள் என்றோ, அந்த ஆசிரியர் நடைபாதையில் நிற்பதே எல்லோருக்கும் உதவுகிறது என்றோ இதைப் புரிந்துகொள்ளலாம்.

இது குலுக்கல் ஆய்வு அல்ல என்பதால், வலுவில் பேமின் ஆதாரத்தைவிட ஒரு படி கீழே. 2012இல் சஸ்பென்ஷன்களைக் குறைப்பதாக ஓக்லண்ட் மத்தியக் கல்வித் துறையோடு ஓர் உடன்பாடும் செய்துகொண்டது. அதே காலத்தில் மாவட்டத்தில் வேறு மாற்றங்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஆய்வாளர்கள் பள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டதற்குக் காரணமே இவற்றைப் பிரித்தறிவதுதான். ஆனாலும் 43 என்ற எண் அப்படியே நமக்கும் வந்துவிடும் என்று கவுன்சிலில் யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

இந்த வகுப்பு ஏன் வேலை செய்கிறது என்பதற்கு வேறொரு திசையிலிருந்தும் ஒரு சான்று உண்டு. மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினக் குழந்தைகள், பள்ளியை முடிக்கும் வாய்ப்பு 13 சதவீதமும் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 19 சதவீதமும் கூடியிருந்ததை, டென்னஸியின் பழைய வகுப்பறைப் பரிசோதனைத் தரவை வைத்து சேத் கெர்ஷன்சனும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். நாட்டின் ஆசிரியர்களில் கறுப்பின ஆண்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்குமேல் இல்லை. பன்னிரண்டு ஆண்டு படித்தும் தன்னைப்போன்ற ஓர் ஆணிடம் ஒரு பாடமும் கேட்காமலே ஒரு பையன் வெளியே போக முடியும் என்று அதற்கு அர்த்தம். கலிஃபோர்னியாவில் வளரும் என் மகளுக்கும் தமிழ் ஆசிரியர் யாரும் வாய்த்ததில்லை. ஆனால் அவளைப் பார்த்தவுடன் ஆசிரியர்கள் ‘கணக்கில் கெட்டிக்காரியாக இருப்பாள்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பையனைப் பார்த்து எடுத்துக்கொள்வது வேறொன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வராது.

கணக்கு டியூஷனும் கண்காணிப்பும்

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான்காவது யோசனை பெயரளவில் வழிகாட்டித் திட்டமே அல்ல. பாஸ்டனின் மேட்ச் பள்ளியில் தொடங்கி இப்போது சாகா என்ற அமைப்பு நடத்தும் கணக்கு டியூஷன். தினமும் ஒரு பீரியட், இரண்டு மாணவருக்கு ஓர் ஆள், பள்ளி நேரத்திலேயே. சிகாகோவில் குலுக்கல் முறையில் சோதித்து, முடிவுகள் 2023இல் அமெரிக்கப் பொருளாதார இதழில் வந்தன. ஒன்பது, பத்தாம் வகுப்பில் இனிமேல் என்ன செய்தாலும் பயனில்லை என்ற பழைய நம்பிக்கையை அது உடைத்தது. கணக்குத் தேர்வில் 0.18 முதல் 0.40 நியம விலகல்வரை (மதிப்பெண்களின் பரவலை அளக்கும் அலகு இது) உயர்வு. அந்த வயதில் இது பெரிய தாவல். செலவும் பெரியது, தலைக்கு 3,500 முதல் 4,300 டாலர். எங்கள் ஒரு லட்சத்தில் 25 பேரைத்தான் சேர்க்க முடியும்.

ஆனால் ஒன்பதாம் வகுப்பின் ‘எஃப்’ பெரும்பாலும் விழுவது அல்ஜீப்ராவில்தான். பையனிடம் கனவுகளைப் பற்றிப் பேசும் வழிகாட்டிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். x-ஐ ஏன் அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது குறி மாறுகிறது என்று அவனோடு உட்கார்ந்து பேசியவர்கள் குறைவு. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் சில மாதங்களில் தானாகவே வழிகாட்டி ஆகிவிடுகிறார்.

ஐந்தாவது, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான ‘செக் அண்ட் கனெக்ட்’. ஒரு கண்காணிப்பாளர் மாணவனின் வருகை, மதிப்பெண், தண்டனைப் பதிவுகளை வாராவாரம் பார்த்து, சரிவு தெரிந்த உடனே பையனையும் வீட்டையும் தொடர்புகொள்கிறார். குறைந்தது இரண்டு ஆண்டு ஒரே ஆள். கற்றல், உணர்ச்சி, நடத்தைக் குறைபாடுகள் உள்ள மாணவர்களிடம் முதலில் சோதித்தபோது, ஒன்பதாம் வகுப்பு முடிவில் படிப்பை விட்டவர்கள் திட்டத்தில் 9 சதவீதம், வெளியே 30 சதவீதம். பின்னர் சிகாகோவில் கீழ் வகுப்புகளில் சோதித்தபோது, ஐந்து முதல் ஏழாம் வகுப்புக்குள் தொடங்கியவர்கள் விடுப்பு எடுப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதனால் தேர்வு மதிப்பெண் கூடவில்லை. பையன் பள்ளிக்கு வந்துவிடுகிறான். வந்தபின் என்ன நடக்கிறது என்பதற்கு வேறு ஏதாவது வேண்டும்.

கூட்டத்தில் ஒரு தாய் தனி ஆண்கள் பள்ளி பற்றியும் கேட்டார். சிகாகோவின் ஏங்கல்வுட்டில் 2006இல் திறந்த அர்பன் பிரெப்பில் 2010இல் படிப்பை முடித்த 107 பேருக்கும் நான்காண்டுக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது. சிவப்பு டை கட்டிய அந்தப் பையன்களின் படம் நாடெங்கும் போனது. அது பெருமைக்குரிய நாள். ஆனால் அது ஒரு புதுப் பள்ளி. எங்கள் கையில் இருப்பது பழைய பள்ளியும் ஒரு ஆண்டுப் பணமும்.

பெண்களும் சட்டமும்

‘பையன்களுக்கு மட்டும் ஏன்?’ என்று மாணவப் பிரதிநிதிகளில் ஒருத்தி கேட்டாள். 2014இல் ‘மை பிரதர்ஸ் கீப்பர்’ வந்தபோது, சட்டப் பேராசிரியர் கிம்பர்லி கிரென்ஷாவின் அமைப்பு முன்னின்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கையொப்பமிட்டு ஒபாமாவிடம் கேட்டதும் அதையேதான். நியாயமான கேள்வி. ஓக்லண்ட் பிறகு மாணவிகளுக்கும் தனித் திட்டம் தொடங்கியது.

சட்டப் பக்கமும் மாறியிருக்கிறது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்தது. அந்தத் தீர்ப்பு பள்ளி வழிகாட்டித் திட்டங்களைப் பற்றியதல்ல. ஆனால் அதன்பின் காற்று வேறு. லாஸ் ஏஞ்சலிஸின் கறுப்பின மாணவர் திட்டத்தின்மேல் புகார் வந்து, அந்த மாவட்டம் விதிகளைத் திருத்தியது. சிகாகோவின் இதேபோன்ற திட்டத்தின்மீது 2025 ஏப்ரலில் மத்தியக் கல்வித் துறை விசாரணை தொடங்கியது. இந்த விசாரணைகள் எனக்கு வேதனை தருகின்றன. நூற்றாண்டுக் கணக்கில் நிறத்தைப் பார்த்துத் தள்ளிவைத்த நாடு, அதே நிறத்தைப் பார்த்து உதவப் போகும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வது சரியல்ல. ஆனால் நடுவில் ரத்தாகும் திட்டம் பையன்களுக்கு இன்னொரு பிரிவுதான். எனவே வகுப்பை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று திறந்துவைப்பது நல்லது. பாடமும் ஆசிரியரும் யாரை அழைக்கிறார்கள் என்று பையன்களுக்கே தெரியும். பேமில்கூடக் கறுப்பினப் பையன்களோடு லத்தீனோ பையன்களும் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

என் வாக்கு

மதிய உணவுத் திட்டத்துக்கு நான் கை தூக்க மாட்டேன். தன்னார்வலர்கள் இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்திட்டு, விலகுகிறவருக்குப் பதில் ஆளும் தயாராக இருந்தால் அது வேறு பேச்சு. அப்படியொரு உறுதியை இதுவரை எந்த அலுவலகமும் எங்களுக்குத் தரவில்லை.

பேம் எங்கள் ஊரில் கிடைத்தால் அதற்கே முழுப் பணத்தையும் கொடுப்பேன். குறிப்பாக, அடிதடிகளும் கைதுகளும்தான் பையன்களை வெளியே தள்ளுகின்றன என்றால். எங்கள் பள்ளியின் பதிவேடு அப்படிச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு எங்கள் ஒன்பதாம் வகுப்பில் தடம் விலகியவர்களில் பெரும்பாலோர் சண்டை போட்டவர்கள் அல்ல. முதல் பீரியடுக்கு வராமல், அல்ஜீப்ராவில் சத்தமில்லாமல் தோற்றவர்கள்.

அதனால் ஓக்லண்ட் பாணி வகுப்புதான் என் முதல் தேர்வு, பக்கத்துணையாகக் கணக்கு டியூஷன். முதல்வர் போட்ட கணக்கின்படி, ஓர் ஆசிரியரின் வேலை நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கை வாங்கினால் ஏறத்தாழ 45,000 டாலர். இரண்டு பிரிவு நடத்தலாம், நாற்பத்தைந்து ஐம்பது பையன்கள். இன்னொரு 45,000இல் முதல் ஆறு வாரத்திலேயே அல்ஜீப்ராவில் சறுக்கும் பதினொரு பேருக்குத் தினசரி டியூஷன். மீதியை ஆசிரியரின் பயிற்சிக்கும் கல்லூரி வளாகப் பயணங்களுக்கும் வைக்கலாம். பத்தாயிரத்தில் நிறையச் செய்ய முடியாது, ஆனால் ஓர் அறைக்குப் புத்தகங்கள் வாங்கலாம். செக் அண்ட் கனெக்டின் வாராந்திரப் பட்டியலுக்குத் தனியாகப் பணம் வேண்டாம். வெள்ளிக்கிழமைதோறும் ஐம்பது பெயர்களின் வருகையைத் திறந்து பார்ப்பதை அந்த ஆசிரியரின் வேலையிலேயே எழுதிவிடலாம்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள். ஆசிரியரை இரண்டு ஆண்டுக்கு எடுக்க வேண்டும். முதலாண்டுப் பணம் மட்டுமே இருக்கிறது என்றால், இரண்டாம் ஆண்டுப் பணத்தை மாவட்டத்திடம் எழுத்தில் வாங்கும்வரை தொடங்கக் கூடாது. அடுத்தது, வகுப்பு ஆறாம் பீரியடுக்கோ பள்ளி விட்ட பிறகோ போகக் கூடாது. கடைசிப் பீரியடுக்குப் போனால் கூடைப்பந்துப் பயிற்சியும் வேலைக்குப் போகிற பையன்களின் ஷிப்டும் அதைத் தின்றுவிடும். மூன்றாம் பீரியட் சரியாக இருக்கும். அதற்குள் தாமதமாக வருகிறவனும் வந்துவிடுவான், வராதவனைத் தேடி வீட்டுக்குப் போன் செய்ய அந்த நாளில் இன்னும் நேரமும் இருக்கும்.

வாக்கெடுப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அட்டவணை போடும் துணை முதல்வரை நாளைக் காலை பார்க்கிறேன், மூன்றாம் பீரியடில் எந்த அறை காலி என்று கேட்க.